பொல்லாக்–கிராஸ்னர் இல்லம்: தரையைப் பார்க்கப் போகிற மியூசியம்

ஓவியம் பார்க்கலாம் என்று கிளம்பினால் இங்கே ஏமாற்றம்தான் மிஞ்சும். கேன்வாஸைத் தரையில் விரித்துப் பெயிண்ட் ஊற்றி வரைந்த ஜாக்சன் பொல்லாக்கும், அவர் மனைவியும் ஓவியருமான லீ கிராஸ்னரும் வாழ்ந்து வேலை செய்த வீடு இது. ஆனால் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பெரிய கேன்வாஸ் ஒன்றுகூட இங்கே கிடையாது. அவை நியூயார்க், வாஷிங்டன், பஃபலோ, கான்பெரா என்று ஊர் ஊராகப் போய்விட்டன. இங்கே இருப்பது ஒரு மர வீடு, அதன் பக்கத்தில் ஸ்டுடியோவாக மாறிய பழைய கொட்டகை, அந்தக் கொட்டகையின் தரை, சுவர். அந்தத் தரையும் சுவரும்தான் இந்த மியூசியத்தின் சரக்கு. எதை, எங்கே, எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால், அமெரிக்க நவீன ஓவியத்தைப் பற்றி எந்தப் பெரிய கேலரியும் சொல்லித்தராத ஒன்றை இங்கே ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளலாம். தெரியாமல் போனால் பெயிண்ட் கொட்டிய பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இடம், நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டின் கிழக்குக் கோடி. ஈஸ்ட் ஹாம்ப்டனுக்கு வடக்கே ஸ்பிரிங்ஸ் என்கிற சிற்றூர். 830, ஸ்பிரிங்ஸ்–ஃபயர்பிளேஸ் சாலை. இன்று ஹாம்ப்டன்ஸ் என்றாலே பணக்காரர்களின் கோடை மாளிகைகள்தான் நினைவுக்கு வரும். 1945இல் ஸ்பிரிங்ஸ் மீன் பிடிப்பவர்களும் விவசாயிகளும் இருந்த ஊர், வீடு மலிவு. அந்த ஆண்டு அக்டோபரில் கல்யாணம் செய்துகொண்ட இருவரும் நவம்பரில் இங்கே குடிவந்தார்கள். வீட்டின் விலை 5,000 டாலர். அதில் 2,000 டாலரைக் கடனாகக் கொடுத்தவர் பொல்லாக்கின் ஓவியங்களை அப்போது விற்றுவந்த பெக்கி குகன்ஹைம். 1879இல் கட்டிய வீடு. உள்ளே கழிப்பறை இல்லை, வெந்நீர் இல்லை, குளிருக்கு அடுப்புதான்.

லீ கிராஸ்னரை ‘பொல்லாக்கின் மனைவி’ என்று மட்டும் தெரிந்துகொண்டு போகிறவர்கள் இந்த இடத்தில் பாதியைத் தவறவிடுவார்கள். 1908இல் புரூக்ளினில் பிறந்தவர், பொல்லாக்கைவிட மூன்று வயதுக்குச் சற்று மேல் மூத்தவர். ஓவிய ஆசிரியர் ஹான்ஸ் ஹோஃப்மனிடம் படித்தவர். இருவரும் பழக ஆரம்பித்த 1940களின் தொடக்கத்தில் நியூயார்க் ஓவியர் வட்டத்தில் அவருக்குத்தான் அதிகப் பேரைத் தெரியும். பொல்லாக் 1956 ஆகஸ்ட் 11 அன்று, வீட்டுக்கு அருகே இதே சாலையில் குடித்துவிட்டுக் காரோட்டி இறந்தார். கிராஸ்னர் அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார், கடைசிவரை வரைந்தார். 1984இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற ஏற்பாட்டின்படிதான் இந்த வீடு ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளைக்குப் போய், 1988இல் மியூசியமாகத் திறந்தது. வீடு அவர் விட்டுப்போன கோலத்தில்தான் இருக்கிறது.

யாருக்கு எந்த அறை கிடைத்தது என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே நுழைவது நல்லது. வந்த புதிதில் பொல்லாக் மாடியில் ஒரு படுக்கையறையைப் பிடித்துக்கொண்டார். 1946இல் வரைந்த ‘தி கீ’ அந்த அறையின் தரையில் விரித்து வரைந்தது. ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். விரித்தால் அறை நிறைந்துவிடும். இன்று அது சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால், அக்காபொனாக் உப்பங்கழியை மறைத்துக்கொண்டு நின்ற கொட்டகையை அதே ஆண்டில் வடக்குப் பக்கமாக நகர்த்தினார்கள். காட்சியும் திறந்தது, பொல்லாக்குக்கு ஸ்டுடியோவும் ஆயிற்று. காலியான மாடி அறை கிராஸ்னருக்கு.

அந்த அறையைக் கவனமாகப் பாருங்கள், சிறியது. 1946இலிருந்து 1950 வரை ‘லிட்டில் இமேஜ்’ என்கிற வரிசையை அவர் இங்கேதான் வரைந்தார். பெரும்பாலானவை மேசைமேல் படுக்கவைத்து வேலை செய்யக்கூடிய அளவு. எழுத்துப் போலவும் எழுத்தல்லாமலும் நெருக்கி அடுக்கிய குறிகள், தடித்த பெயிண்ட். சிறுவயதில் படித்த ஹீப்ரு எழுத்தின் சாயல் அவற்றில் உண்டு. பத்தடி தள்ளி நின்று பார்க்க இடமில்லாத அறையில் இதைவிடப் பெரிதாக எதை வரைவது? கணவரின் கேன்வாஸ் 5 மீட்டரைத் தாண்டிய அதே ஆண்டுகளில் இங்கே இந்த அளவு. சதுர அடிக் கணக்கில் ஒரு கல்யாணத்தைப் பார்ப்பது கொஞ்சம் கொடுமைதான்; ஆனால் இந்த வீட்டில் அந்தக் கணக்கு கண்ணுக்கு நேரே நிற்கிறது.

இனி ஸ்டுடியோ. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். அது நமக்குப் புதிதல்ல. ஆனால் வெறுங்காலோடு விடமாட்டார்கள், மெத்தென்ற செருப்பு ஒன்றைத் தருவார்கள். பலகையில் ஒட்டியிருப்பது எழுபது ஆண்டைத் தாண்டிய எனாமல். அழுத்தி இழுத்து நடந்தால் மேடாக நிற்கிற துளிகள் பெயர்ந்துவிடும். காலைத் தூக்கி வையுங்கள், தேய்க்காதீர்கள்.

இந்தத் தரை பிழைத்ததற்குக் காரணம் கலையைப் பாதுகாக்கும் எண்ணம் அல்ல, குளிர். 1953 வரை கொட்டகையில் சூடு கிடையாது. பலகை இடுக்கில் காற்று வரும். குளிர்காலத்தில் அங்கே முழு வேலை நடக்காது. அந்த ஆண்டு பொல்லாக் கொட்டகையைச் செப்பனிட்டு, சுவருக்குள் காப்பு வைத்து, தரையில் மேசனைட் பலகைகளைப் பதித்தார். நம் ஊரில் ஹார்ட்போர்டு என்போமே, அந்த வகை. 1946 முதல் 1952 வரை சிந்திய பெயிண்ட் அத்தனையும் அதற்கடியில் மூடப்பட்டுவிட்டது. மியூசியமாக்கும் வேலையில் மேசனைட்டைப் பெயர்த்தபோதுதான் அடியில் இருந்தது வெளியே வந்தது. கிராஸ்னர் இதே தரைமேல் இருபத்தைந்து ஆண்டுக்கும் மேல் நடந்து, வரைந்து, சிந்தியிருக்கிறார். மூடி இல்லாமல் போயிருந்தால் பழையதும் புதியதும் கலந்து எது யாருடையது என்று சொல்ல முடியாமல் போயிருக்கும்.

ஆகவே இந்த ஒரு அறையில் காலம் கிடையாகவும் நெட்டுக்குத்தாகவும் பிரிந்து கிடக்கிறது. தரை 1953க்கு முந்தியது, பொல்லாக்கினுடையது. சுவர் அந்தச் செப்பனிடலுக்குப் பிந்தையது. அதில் தெரிவது பெரும்பாலும் கிராஸ்னரின் கை. இரண்டையும் பிரித்துவைத்தது ஒரே மராமத்து வேலை. உள்ளே நுழைந்ததும் இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றது சுலபம்.

தரையை எப்படிப் படிப்பது? பொல்லாக் கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்துக் கட்டாமல் தரையில் விரித்து, நாலு பக்கமும் சுற்றி நடந்து ஊற்றினார். கேன்வாஸ் இருந்த இடத்தில் விழுந்ததெல்லாம் ஓவியமாகப் போய்விட்டது. ஓரத்தைத் தாண்டி விழுந்ததுதான் பலகையில் தங்கியிருக்கிறது. எனவே அடர்த்தியான இடத்தை மட்டும் தேடாதீர்கள். ஒரு கோடு ஓடிவந்து சட்டென்று நேர்க்கோட்டில் வெட்டுப்படுகிற இடத்தைத் தேடுங்கள். அது ஒரு கேன்வாஸின் விளிம்பு. அந்த வெட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது சிந்தல், அந்தப் பக்கம் இருந்தது இப்போது ஏதோ ஒரு மியூசியச் சுவரில் தொங்குகிறது. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் கண் பழகிவிடும்; செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடப்பது தெரியும்.

அடுத்தது பளபளப்பு. அவர் பயன்படுத்தியது ஓவியர் கடையில் விற்கும் குழாய் வண்ணம் மட்டுமல்ல. வீட்டுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற எனாமல், அலுமினியப் பெயிண்ட் எல்லாம் உண்டு. குழாய் வண்ணத்தைக் கம்பியாக ஊற்ற முடியாது, அது கெட்டி. எனாமல் டப்பாவிலிருந்து குச்சியில் எடுத்தால் அறாமல் நீண்டு விழும். குச்சி, காய்ந்து விறைத்த பிரஷ், சமையலறைச் சிரிஞ்சு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்தார். கை வேகமாகப் போனால் கோடு மெலியும், நின்றால் குளமாகும். தரையில் குளம் கட்டிய இடங்களில் குனிந்து பாருங்கள்: மேலே முதலில் காய்ந்து பாலாடை போல ஒரு ஏடு பிடிக்கும், உள்ளே ஈரம் நிற்கும், பிறகு அது காயும்போது ஏடு சுருங்கி மடிப்பாகும். தடித்து ஊற்றிய எனாமலின் இயல்பு இது. அவருடைய கேன்வாஸ்களிலும் இதே மடிப்புகள் உண்டு, ஆனால் அங்கே கயிறு கட்டித் தள்ளி நிறுத்திவிடுவார்கள்.

வெளிச்சம் வடக்கு ஜன்னலிலிருந்து வருகிறது. நேர் வெயில் விழாததால் காலை, மதியம் என்று பெரிய வித்தியாசம் இருக்காது. ஜன்னல் உயரத்தில் இருக்கிறது. வெளியே பார்த்துக் கவனம் சிதறக்கூடாது என்பதற்காகவே அப்படி. ஜன்னலைப் பார்த்து நின்றால் எனாமலின் மினுமினுப்பும் மேடுபள்ளமும் தெரியும். முதுகைக் காட்டி நின்றால் நிறம் தெரியும். இரண்டு பக்கமும் நின்று பார்க்க வேண்டும். குழுவோடு போகும்போது நுழைந்த இடத்திலேயே நின்றுவிடுவது எல்லோரும் செய்கிற காரியம்.

எந்த ஓவியத்தின் சிந்தல் எது என்பதில் மூன்றைச் சொல்வார்கள்: ‘ஆட்டம் ரிதம்’ (Autumn Rhythm), ‘கன்வெர்ஜென்ஸ்’, ‘புளூ போல்ஸ்’. முதலாவது 1950ஐச் சேர்ந்தது, 2.67 மீட்டருக்கு 5.26 மீட்டர். அதைவிடச் சற்றே பெரியது நியூயார்க்கின் நவீன கலை மியூசியமான மோமாவில் இருக்கும் ‘ஒன்: நம்பர் 31, 1950’. இந்தக் கொட்டகையில் நின்றுகொண்டு அந்த அளவைக் கண்ணால் தரையில் போட்டுப் பாருங்கள். சுற்றி நடக்கக் கொஞ்சம் இடம்தான் மிஞ்சும். பின்னால் போய் நின்று மொத்தத்தையும் பார்த்து ரசித்துத் திருத்துகிற வேலை இங்கே நடக்கவே முடியாது. பொல்லாக்கின் ஓவியங்களில் நடு என்று ஒன்று இல்லாமல் எல்லா இடமும் ஒரே அடர்த்தியாக இருப்பதற்கு எத்தனையோ விளக்கம் எழுதியிருக்கிறார்கள். இந்த அறையின் அளவும் அதில் ஒரு காரணம் என்று இங்கே நின்றால் தோன்றும். ‘புளூ போல்ஸ்’ 1952. 1973இல் ஆஸ்திரேலிய அரசு 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கி, அந்த நாட்டில் பெரிய சண்டையே நடந்தது.

இங்கே வரைந்த இன்னொன்று ‘நம்பர் 1ஏ, 1948’. அதிலுள்ள பச்சை கலந்த நீலம் எது என்று நெடுநாள் தெரியாமல் இருந்து, மாங்கனீஸ் நீலம் என்று 2025இல்தான் ஆய்வில் உறுதியானது. ஸ்டுடியோவில் வைத்திருக்கும் பெயிண்ட் டப்பாக்களை அலங்காரமாக நினைத்துக் கடந்து போகாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது தலையை நிமிர்த்துங்கள். தரை அவ்வளவு இழுக்கிறது. கூட்டத்தில் பாதிப்பேர் குனிந்த தலை நிமிராமலே வெளியேறிவிடுவார்கள். கிராஸ்னர் 1957இல் மாடி அறையை விட்டு இந்தக் கொட்டகைக்கு வந்தார். அவர் தரையில் வரையவில்லை. கேன்வாஸைச் சுவரில் அடித்து, நின்று, கையை முழு நீளத்துக்கு வீசி வரைந்தார். தூரிகை ஓரத்தைத் தாண்டிப் போன இடங்களும் தெறித்த துளிகளும் வழிந்த கோடுகளும் வெள்ளைச் சுவரில் இருக்கின்றன. தரையில் தேடிய அதே நேர் விளிம்பை இங்கேயும் தேடலாம். ஒரு வித்தியாசம்: தரைத் துளி வட்டமாகப் பரவும், சுவர்த் துளி கீழே ஓடும்.

கொட்டகைக்கு வந்த அந்த ஆண்டிலேயே அவர் வரைந்தது ‘தி சீசன்ஸ்’. 5 மீட்டருக்கு மேல் அகலம், இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பிதுங்கி நிற்கும் காய்கள், தண்டுகள், விதைகள். கணவர் இறந்து ஓராண்டு ஆன நிலையில் இது. துக்கம் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. மேசையளவு வரைந்த கை இப்படி விரிந்ததற்குச் சுவரும் ஒரு காரணம் என்பதை, மாடி அறையைப் பார்த்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் வீட்டை முதலில் பார்த்துவிட்டு ஸ்டுடியோவுக்கு வருவது மேல். வரிசையை வழிகாட்டிதான் தீர்மானிப்பார். உங்கள் குழுவை ஸ்டுடியோவுக்கு முதலில் கூட்டிப்போனால், வீடு முடிந்ததும் மாடி அறையை மனத்தில் வைத்து இன்னொரு முறை எட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கீழ்த்தளத்தில் இடைச்சுவர்களை எடுத்து, வெள்ளை அடித்து, விசாலமாக்கியிருக்கிறார்கள். பொல்லாக்கின் ஜாஸ் இசைத்தட்டுகள், புத்தகங்கள், கிராஸ்னர் பின்னாளில் சேர்த்த பழைய பாணி மேசை நாற்காலிகள், கிளிஞ்சல்கள். 1947இல் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைச் சட்டமாக வைத்து, கண்ணாடித் துண்டு, சாவி, நாணயம், கிளிஞ்சல் பதித்து கிராஸ்னர் மொசைக் மேசைகள் செய்தார். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது இந்தக் கூடத்தில் நின்றால் விளங்கும். சீசனுக்குத் தகுந்தாற்போல் சிறிய கண்காட்சியும் வைப்பார்கள். அதை நம்பி மட்டும் போகாதீர்கள். சில ஆண்டு நன்றாக அமையும், சில ஆண்டு சுவரை நிரப்பும்.

போகும் வழிதான் பெரும்பாலோர் சறுக்குகிற இடம். திறந்திருப்பது மே முதல் அக்டோபர் வரை மட்டும், அதுவும் வாரத்தில் எல்லா நாளும் இல்லை. நேரம் குறித்து முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும்; கட்டணமும் நாட்களும் மாறக்கூடியவை, அவர்களுடைய தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மன்ஹாட்டனிலிருந்து நூறு மைல் அளவு. லாங் ஐலண்ட் ரயிலில் மோன்டாக் கிளையில் ஏறி ஈஸ்ட் ஹாம்ப்டனில் இறங்கலாம். பல வண்டிகளுக்கு நியூயார்க்கிலேயே உள்ள ஜமைக்கா ஸ்டேஷனில் மாற வேண்டும். ரயிலிலேயே மூன்று மணி நேரத்துக்கு நெருக்கம். ஸ்டேஷனிலிருந்து மியூசியத்துக்கு நடந்து போகிற தூரமில்லை, டாக்ஸிதான். வரும்போது டாக்ஸி கிடைத்துவிடும், திரும்பும்போது கிடைக்காது. இறக்கிவிடுகிற ஓட்டுநரிடமே திரும்புகிற நேரத்தைப் பேசிவைத்துவிடுங்கள். ரயில்களும் மணிக்கொன்று என்று ஓடுவதில்லை. கார் வைத்திருப்பவர்கள் ஜூலை, ஆகஸ்டில் வெள்ளி மாலை கிழக்கேயும் ஞாயிறு மாலை மேற்கேயும் 27ஆம் நெடுஞ்சாலையில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மே மாதமோ செப்டம்பர் கடைசியோ உத்தமம். கொட்டகையில் புழுக்கமும் குறைவு.

வளாகத்தில் சாப்பாட்டுக் கடை கிடையாது. வீட்டுக்குப் பின்னால் புல்வெளி உப்பங்கழிவரை இறங்குகிறது, அழகான இடம். ஆனால் லாங் ஐலண்டில் உண்ணித் தொல்லை நிஜமானது, லைம் காய்ச்சல் பரப்புகிறவை. வெட்டிய புல்லோடு நின்றுவிடுங்கள். குழந்தைகள் உயரப் புல்லுக்குள் ஓடியிருந்தால் முழங்கால் மடிப்பு, கழுத்து, காதுக்குப் பின்னால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். சின்னக் குழந்தைகளை ஸ்டுடியோவுக்குள் கூட்டிப்போவது பற்றி இரண்டு முறை யோசிக்கலாம். பெயிண்ட் கொட்டிய தரையில் ஓடாதே, தொடாதே என்று அவர்களிடம் சொல்லி ஜெயிக்க முடியாது.

நியூயார்க்குக்கு முதல் தடவை, நாலு நாள் விடுப்பில் வருகிறவர்களுக்கு இது வேண்டாம். ஒரு முழு நாளைத் தின்றுவிடும், அந்த நாளில் மெட்ரோபாலிட்டனையும் மோமாவையும் பார்க்கலாம். இரண்டாம் தடவை வருகிறவர்களும், நியூ ஜெர்சி பக்கம் குடியிருப்பவர்களும், வரைகிறவர்கள் யாராயினும் கட்டாயம் போகலாம். போவதற்கு முந்தைய வாரம் மெட்ரோபாலிட்டனில் ‘ஆட்டம் ரிதம்’ முன்னால் நின்று, நடுவை விட்டுவிட்டு நாலு ஓரங்களை மட்டும் பாருங்கள்: எந்தக் கோடு உள்ளேயே வளைந்து திரும்புகிறது, எது வெளியே ஓடிவிடுகிறது என்று. ‘தி சீசன்ஸ்’ விட்னி மியூசியத்தின் உடைமை. காட்சியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். 1950இல் புகைப்படக்காரர் ஹான்ஸ் நாமூத் எடுத்த ஸ்டுடியோப் படங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அவற்றில் சுவர் கரடுமுரடான பலகையாக இருக்கும். இன்று நீங்கள் பார்க்கும் வெள்ளைச் சுவர் அதன்மேல் வந்தது.

கார் இருந்தால், திரும்பும் வழியில் அக்காபொனாக் சாலையில் கிரீன் ரிவர் கல்லறைத் தோட்டம். பொல்லாக்குக்கு ஒரு பெரும் பாறை, அதில் வெண்கலத்தில் அவர் கையெழுத்து. அதற்கு முன்னால் கிராஸ்னருக்கு ஒரு சிறிய கல். ஆட் ரெய்ன்ஹார்ட், ஸ்டூவர்ட் டேவிஸ், எலைன் டி கூனிங், கவிஞர் ஃபிராங்க் ஓஹாரா எல்லோரும் அங்கேயே இருக்கிறார்கள். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி இருபது நிமிடத்தில் பார்த்துவிடலாம். டாக்ஸியில் வந்தவர்கள் அந்த இருபது நிமிடத்தையும் சேர்த்தே பேரம் பேசிக்கொள்ள வேண்டும்.